முன்னால் ஏ380 இறங்கிய ஓடுபாதையில் பின்னால் வரும் விமானி என்ன செய்வார்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: வளைகுடாவில் ஒரு பெரிய விமான நிலையம், அதிகாலை, காற்றே இல்லாத நேரம். நீங்கள் உட்கார்ந்திருந்த ஏ320 (ஏர்பஸ்ஸின் நடுத்தர அளவு பயணிகள் விமானம்) தரையைத் தொட இன்னும் சில நொடிகளே இருந்தபோது இடது இறக்கை சட்டென்று தாழ்ந்தது, உடனே நிமிர்ந்தது, அடுத்த கணமே என்ஜின்கள் முழங்க விமானம் மேலே ஏறிவிட்டது. முன்னால் இறங்கிய ஏ380 என்ற ஏர்பஸ்ஸின் மாபெரும் விமானம் விட்டுச்சென்ற காற்றுதான் காரணம் என்று கேப்டன் அறிவித்தார். அரை மணி நேரம் சுற்றி வந்து அதே ஓடுபாதையில் ஆட்டமே இல்லாமல் இறங்கினீர்கள். விமானிகள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள், நாம் ஆபத்தில் இருந்தோமா என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: காற்றே இல்லாதபோது எப்படி இது நடந்தது? அதிலிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

முன்னால் போன விமானம் விட்டுச்செல்லும் இந்தச் சுழல்காற்று (வேக் டர்புலன்ஸ்), பலர் நினைப்பதுபோல் என்ஜின் புகைக்காற்று இல்லை. இறக்கை விமானத்தைத் தூக்கிப் பிடிப்பதன் மறுபக்கம் இது. இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. இறக்கையின் நுனியில் கீழ்க்காற்று வெளிப்பக்கமாகச் சுற்றி மேலே ஏறப் பார்க்கிறது. அப்படிச் சுருண்ட காற்று விமானத்துக்குப் பின்னால் இரண்டு கயிறுகளைப்போல் நீண்டு கிடக்கும். பின்னாலிருந்து பார்த்தால் இடது நுனியின் சுழல் கடிகார முள் திசையிலும், வலது நுனியின் சுழல் அதற்கு எதிர்த்திசையிலும் சுற்றும். எடை கூடினால் சுழலின் வலிமை கூடும். வேகமும் இறக்கை நீளமும் கூடினால் குறையும். ஏ380 இறங்கும்போது 380 டன்னுக்கு மேல்கூட இருக்கலாம், இறக்கை நீளம் கிட்டத்தட்ட 80 மீட்டர். ஏ320 இறங்கும்போது அதிகபட்சம் 66 டன், இறக்கை 36 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் இறங்கும். கணக்குப் போட்டால் ஏ380-இன் சுழல், ஏ320-இன் சுழலைவிட இரண்டரை மடங்கு வலிமையானது. சிறிய இறக்கை அந்தச் சுழலின் நடுவே மாட்டினால் ஒரு பக்கம் மேலே தள்ளப்படும், மறுபக்கம் கீழே அழுத்தப்படும். அதனால்தான் இதில் குலுங்கலைவிட உருளல் பெரிதாக இருக்கிறது.

இந்தச் சுழல் நின்ற இடத்தில் நிற்பதில்லை, கீழே இறங்கும். ஏ380-க்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 அடி. மற்றப் பெரிய விமானங்களுக்கும் 300 முதல் 500 அடிக்குள்தான் வரும். 500 முதல் 1,000 அடி வரை இறங்கியபின் வேகம் தணிந்து கலைந்துவிடும். விமானங்கள் எல்லாமே ஒரே 3 டிகிரி சரிவுப்பாதையில் வருவதால் நமக்கு இயல்பாகவே ஒரு பாதுகாப்பு கிடைக்கிறது. முன்னால் போனவர் விட்ட சுழல், நாம் அந்த இடத்துக்கு வருவதற்குள் நம் பாதைக்குக் கீழே போயிருக்கும். காற்று கலங்கலாக இருந்தால் சுழல் சீக்கிரம் சிதையும். அதிகாலை, அந்தி, பனிக்கால இரவு என்று காற்று அசையாமல் படிந்து கிடக்கும் நேரத்தில்தான் அது நீண்ட நேரம் உயிரோடு இருக்கும். ‘காற்றே இல்லை’ என்று நீங்கள் எழுதியது முரண்பாடு அல்ல, அதுதான் காரணமே.

தரைக்கு அருகே நிலைமை மாறிவிடுகிறது. தரை குறுக்கே நிற்பதால் சுழல் அதற்கு மேல் இறங்க முடியாது. இரண்டு கயிறுகளும் ஒன்றையொன்று விட்டு விலகி, இடதுபக்கத்தது இடதுபுறமாகவும் வலதுபக்கத்தது வலதுபுறமாகவும் 2, 3 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் தரையை ஒட்டி நகரும். சில சமயம் மீண்டும் கொஞ்சம் எழும்பவும் செய்யும். பெரிய விமான நிலையத்தின் வேலியோரம் நின்றால் இதைக் காதால் கேட்கலாம். விமானம் தலைக்குமேல் போய், என்ஜின் சத்தமும் ஓய்ந்து, ஊர் அமைதியான பிறகு, துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சீறல் வரும். புல் ஒரு பட்டையாகச் சாயும். லண்டன் ஹீத்ரோவுக்குப் பக்கத்து வீடுகளில் இந்தச் சுழல் கூரை ஓடுகளையே பெயர்த்ததுண்டு; ஓடுகளை இறுக்கிக் கட்டித் தருவதற்கென்றே அந்த விமான நிலையம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது.

இப்போது பக்கக்காற்றைச் சேர்த்துப் பாருங்கள். பலமான பக்கக்காற்று இரண்டு சுழல்களையும் ஓடுபாதையிலிருந்து துடைத்தெடுத்துவிடும். காற்றே இல்லையென்றால் இரண்டும் தாமாக இருபக்கமும் விலகும். தொல்லை இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. 1 முதல் 5 நாட் வரையிலான மெல்லிய பக்கக்காற்று, தன் பக்கத்துச் சுழல் வெளியே நகர்வதைச் சரியாக ஈடுகட்டி, அதை ஓடுபாதையின் மேலேயே நிறுத்திவைக்கும். உங்கள் விஷயத்தில் இடது இறக்கை தாழ்ந்தது. அப்படியென்றால் கடிகாரத்துக்கு எதிர்த்திசைச் சுழற்சி, அதாவது முன்னால் போனவரின் வலது இறக்கைச் சுழல். வலப்பக்கத்திலிருந்து மூன்று நாட் அளவுக்குக் காற்று இருந்திருந்தால் கணக்கு அச்சாகப் பொருந்தும். மூன்று நாட் என்றால் முகத்தில்கூட உறைக்காது, விமானத்திலிருந்து இறங்கியவர்கள் காற்றே இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் இது பொருத்திப் பார்த்த ஊகம் மட்டுமே. பயணி இருக்கையில் கிடைத்த விவரத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இறக்கையின் உருளல், அந்த நொடியின் காற்று இரண்டையும் விமானத்தின் பதிவுக்கருவியில் பார்த்தால்தான் தெரியும்.

பக்கத்து ஓடுபாதையையும் சந்தேகப்பட வேண்டும். துபாயை எடுத்துக்கொண்டால் இரண்டு இணை ஓடுபாதைகளுக்கும் நடுவே 400 மீட்டர்கூட இல்லை. இடைவெளி 760 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் சுழல் விஷயத்தில் இரண்டையும் ஒரே ஓடுபாதையாகவே கருத வேண்டும் என்பது விதி. ஒன்றில் பெரிய விமானம் மூக்கைத் தூக்கிக் கிளம்பிய இடத்தில் பிறந்த சுழல், மெல்லிய காற்றில் மிதந்து அடுத்ததன் மேல் வந்து சேரலாம்.

இனி சமாளிப்பது. இதில் முக்கால்வாசி வேலை, சுழலைச் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதுதான். முதல் அரண் இடைவெளி. சர்வதேச விதிப்படி அதிகபட்ச எடை 136 டன்னும் அதற்கு மேலும் உள்ளவை ஹெவி, 7 டன் வரை லைட், நடுவில் உள்ளவை மீடியம். ஏ380-க்கு மட்டும் சூப்பர் என்று தனி வகை. அதனால்தான் ரேடியோவில் முதலில் பேசும்போதே பெயருடன் ‘ஹெவி’, ‘சூப்பர்’ என்று சேர்த்துச் சொல்கிறார்கள். ஹெவிக்குப் பின்னால் இன்னொரு ஹெவி என்றால் 4 கடல் மைல், மீடியம் என்றால் 5, லைட் என்றால் 6. சூப்பருக்குப் பின்னால் வரும் ஏ320 போன்ற மீடியத்துக்கு 7 கடல் மைல். 140 நாட் வேகத்தில் 7 கடல் மைல் என்றால் சரியாக மூன்று நிமிடம், 5 என்றால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். எடைக்கட்டத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு போயிங் 757 சாட்சி. எடைப்படி அது மீடியம்தான். 1993 டிசம்பர் 15 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் அதற்குப் பின்னால் சுமார் 2 கடல் மைலில், அதன் பாதைக்குச் சற்றுக் கீழே வந்த ஒரு சிறிய வெஸ்ட்விண்ட் ஜெட் உருண்டு விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் 757-க்குப் பின்னால் தனி இடைவெளி வந்தது.

அந்த விபத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ‘முன்னால் போகும் விமானம் தெரிகிறதா? பார்த்தபடி பின்தொடருங்கள்’ என்று கட்டுப்பாட்டாளர் கேட்டு, விமானி சரி என்று சொல்லிவிட்டால், அந்த நொடியிலிருந்து சுழலிலிருந்து விலகி நிற்கும் பொறுப்பு விமானியுடையது. எத்தனை மைல் என்று யாரும் அளந்து சொல்ல மாட்டார்கள். பெரிய விமானத்துக்குப் பின்னால் வரும்போது இதை ஒப்புக்கொள்வதற்கு முன் இரண்டு முறை யோசிப்பதே நல்லது. ஒப்புக்கொண்டால் அவருடைய பாதைக்குக் கீழே ஒருபோதும் போகக்கூடாது. விமானி முடியாது என்று மறுத்தால் ரேடார் இடைவெளியே தொடரும், அதில் எந்தக் குறையும் இல்லை.

காக்பிட்டில் இருவரும் கவனிப்பவை சில. நேவிகேஷன் திரையின் மூலையில் காற்றின் திசையும் வேகமும் ஓடிக்கொண்டே இருக்கும். டிகாஸ் (விமானங்கள் மோதிக்கொள்ளாமல் எச்சரிக்கும் கருவி) திரையில் முன்னவர் எத்தனை மைலில், நம்மைவிட எத்தனை நூறு அடி மேலே அல்லது கீழே என்பது தெரியும். டிகாஸை வைத்து நாமே இடைவெளி போட்டுக்கொள்ளக் கூடாது, ஆனால் நிலைமை புரிந்துகொள்ள அது போதும். இடைவெளி குறைகிறது என்று தோன்றினால் உடனே வேகத்தைக் குறைக்கச் சம்மதம் கேட்க வேண்டும், அல்லது இன்னும் ஒரு மைல் வேண்டும் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். கடைசி 4 மைல் வரை எல்லாரும் 160 நாட் வேகத்தில் வரும் நிலையங்களில், முன்னவர் வேகத்தை 140-க்குக் குறைத்ததும் பின்னவர் நெருங்கத் தொடங்குவார். 5 மைல் இடைவெளி 4.4 ஆகிவிடும். இதைக் கட்டுப்பாட்டாளர்கள் முன்கூட்டியே கணக்கில் வைத்துத்தான் வரிசை அமைக்கிறார்கள்.

பின்காற்று தனியாகக் கவனிக்க வேண்டியது. 3,000 அடியில் 20 நாட் பின்காற்று இருந்தால் அது சுழலை நிமிடத்துக்கு 2,000 அடி ஓடுபாதை நோக்கித் தள்ளும். அந்தத் தூரத்துக்குள் சரிவுப்பாதையும் நூறடி தாழ்ந்துவிடும். 350 அடி இறங்கும் சுழல், பாதையிலிருந்து விலகுவது 250 அடிதான். தரைக்கு அருகே பக்கவாட்டும் பின்பக்கமும் கலந்த மெல்லிய காற்று இன்னும் மோசம்: சக்கரம் தொட வேண்டிய இடத்துக்கே சுழலைக் கொண்டுவந்து நிறுத்தும்.

சரிவுப்பாதைக்குச் சற்று மேலே பறந்து, முன்னவர் தொட்ட இடத்தைத் தாண்டி இறங்கலாமே என்று கேட்பார்கள். சிறிய விமானங்களுக்கு அது நல்ல, பழைய அறிவுரை. மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையில் ஒரு செஸ்னாவுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. பயணிகள் ஜெட்டுக்கு என் கருத்து: வேண்டாம். உயரத்தில் கொஞ்சம் மேலே இருப்பதில் தவறில்லை, ஆனால் 1,000 அடிக்குக் கீழே பாதையும் வேகமும் நிலைப்பட்டிருக்க வேண்டும் என்பது விமான நிறுவனங்களின் அடிப்படை விதி. சுழலுக்குப் பயந்து மேலே வந்து, நீளமாக மிதந்து இறங்கி, ஓடுபாதையின் முடிவில் நிற்க இடமில்லாமல் போவது இன்னொரு விபத்து. சரிவுப்பாதையிலேயே துல்லியமாக இருப்பது, அதற்குக் கீழே ஒரு கணமும் போகாமல் இருப்பது, இடைவெளியை நேரத்தால் வாங்கிக்கொள்வது: இதுதான் நம்பத்தக்கது. அதிகம் மறக்கப்படும் இடம் பன்னிரண்டு, பதினைந்து மைலில் இருக்கிறது. முன்னவர் மேலிருந்து இறங்கிச் சரிவைப் பிடித்திருப்பார், நாம் 3,000 அடியில் மட்டமாகப் போய்க் கீழிருந்து சரிவைப் பிடிப்போம். அப்போது நாம் அவருடைய பாதைக்குக் கீழே இருக்கிறோம். இறக்கையின் ஃப்ளாப்கள் (இறங்கும்போது நீட்டும் பின்விளிம்புத் தகடுகள்) இன்னும் உள்ளேயே இருந்தாலும் பெல்ட் விளக்கு எரிய வேண்டிய இடம் அது.

அத்தனையும் செய்தும் மாட்டிக்கொண்டால்? முதலில் சின்னச் சலசலப்பு, கல் பாதையில் சைக்கிள் ஓடுவதுபோல். பிறகு யாரும் கேட்காமலே ஒரு பக்கம் உருளல். உயரத்தில் இருந்தால் ஆட்டோபைலட் பூட்டியிருக்கும்வரை அதை விட்டுவிடுவதே மேல், மனிதக் கையைவிட அது நிதானமாகத் திருத்தும். அதுவாகக் கழன்றுகொண்டால் கட்டுப்பாட்டை எடுத்து, அய்லெரானால் (இறக்கை நுனியோரம் அசையும் தகடு) மென்மையாக நிமிர்த்த வேண்டும். ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: சுழல் தன்னுள் வந்த விமானத்தைச் சில நொடிகளில் வெளியே தூக்கிப்போட்டுவிடும். அதற்கு எதிராக முழுவீச்சில் வளைத்துப் பிடித்திருந்தால், வெளியே வந்த கணத்தில் அந்த வளைப்பே நம்மை மறுபக்கம் உருட்டும். ஏர்பஸ்ஸில் ஸ்டிக்கை (விமானி பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கைப்பிடி) விட்டாலே கணினி உருளலை நிறுத்தப் பார்க்கும். சாய்வு 33 டிகிரியைத் தாண்டியிருந்தால் அந்த 33 வரை தானே திருப்பிக் கொண்டுவரும். அதனால் அங்கே உயரம் இருக்கும்வரை பொறுத்திருந்து, அடங்கியபின் நிமிர்த்துவது அறிவுறுத்தப்படுகிறது. சாய்வு பெரிதாகப் போய்விட்டால் மூக்கைத் தூக்காமல், ஸ்டிக்கை முன்னே தள்ளி இறக்கையின் சுமையைக் குறைத்துவிட்டு நிமிர்த்த வேண்டும். சாய்ந்த நிலையில் இழுத்தால் இறக்கை தூக்கும் திறனை இழக்கும்.

ரடர் (செங்குத்து வாலில் அசையும் தகடு) பெடலை மிதிக்கவே கூடாது. ஆசிரியர்கள் குரல் உயர்த்திச் சொல்லும் வாக்கியம் இது. 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, முன்னால் போன போயிங் 747-இன் சுழலில் மாட்டியது. சுழல் ஆபத்தானதாக இல்லை. துணை விமானி ரடரை இடம், வலம் என்று மாற்றி மாற்றி முழுவதும் மிதித்தார். ஏ300-இன் செங்குத்து வால் பிய்த்துக்கொண்டு போனது. 265 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை, சுழலையல்ல, அந்தத் தேவையற்ற அளவுமீறிய மிதிப்பையே காரணமாகச் சொன்னது.

தரைக்கு அருகே பொறுத்திருக்க நேரமில்லை. அங்கே முடிவு ஒன்றே: கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி வருவது. இறக்கைகளை மட்டமாக்கு, என்ஜின் சக்தியைக் கூட்டும் த்ரஸ்ட் லீவர்களை முழுவதும் முன்னே தள்ளு, மூக்கை ஏறுமுகத்துக்குக் கொண்டுவா. ஏ320-இல் ஏறக்குறைய 15 டிகிரி. ஃப்ளாப் ஒரு படி உள்ளே, ஏறுகிறது என்று உறுதியானபின் சக்கரம் உள்ளே. இறக்கையை மட்டமாக்குவது முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது: சாய்ந்தபடி மூக்கைத் தூக்கினால் இறக்கை நுனியோ என்ஜின் கூடோ தரையில் உரசும். சக்தி முழுவதும் வரச் சில நொடிகள் ஆகும், அதற்குள் சக்கரம் ஓடுபாதையைத் தொடலாம். தொட்டாலும் கவலையில்லை, ஏறிக்கொண்டே போக வேண்டும். நிறுத்துவதற்காக என்ஜின் விசையை எதிர்ப்பக்கம் திருப்பும் ரிவர்ஸை இழுத்துவிட்டால்தான் மீண்டும் ஏற முடியாது. இதில் நடக்கும் பெரிய தவறு கைகளில் இருக்கிறது. பக்கத்து இருக்கை விமானி பதறி, தன் ஸ்டிக்கையும் வளைத்துவிடுவார். ஏர்பஸ்ஸில் இரண்டு ஸ்டிக்கின் அசைவும் கூட்டிக் கழிக்கப்படும், என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. எடுப்பதென்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தி, ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’ என்று சத்தமாகச் சொல்லி எடுக்க வேண்டும். கடைசி இறக்கத்தில் சாய்வு 7 டிகிரியைத் தாண்டினாலே பக்கத்து விமானி ‘பேங்க்’ (சாய்வு) என்று அறிவிப்பார். அந்த அளவுக்குக் குறுகலான எல்லையோடுதான் வேலை செய்கிறார்கள்.

நாம் ஆபத்தில் இருந்தோமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1972 மே 30 அன்று அமெரிக்காவில் ஃபோர்ட் வொர்த் நகரில், டிசி-10 என்ற பெரிய விமானம் ஒன்றின் பின்னால் பயிற்சிக்காக இறங்கிவந்த டிசி-9 பயணிகள் ஜெட் ஓடுபாதையருகே உருண்டு விழுந்து நால்வர் இறந்தார்கள். பயணிகள் ஜெட் அளவுள்ள விமானத்தையும் சுழல் கவிழ்க்கும் என்பதை அதுதான் உரக்கச் சொன்னது. இன்றைய இடைவெளிகளின் வேர் அத்தகைய விபத்துகளில் இருக்கிறது. உங்கள் விமானம் அந்த இடைவெளியுடன் வந்ததால் சுழல் பாதி ஓய்ந்த நிலையில் சந்தித்தது. இறக்கை தாழ்ந்ததும் உடனே நிமிர்ந்தது. விமானிகள் இறங்கிவிடப் பார்க்காமல் ஏறினார்கள். ஏறியதுதான் பாதுகாப்பின் அடையாளம். இறங்கித்தான் ஆவேன் என்று தொடர்ந்திருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

இடைவெளிக் கணக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. ஹீத்ரோவில் 2015 முதல், எதிர்காற்று பலமாக இருக்கும் நாட்களில் மைலுக்குப் பதில் நேரத்தால் அளக்கிறார்கள். பழைய எடைக்கட்டங்களை, இறக்கை நீளத்தையும் சேர்த்து, ஐரோப்பாவில் ஆறாகவும் அமெரிக்காவில் ஒன்பதாகவும் பிரித்திருக்கிறார்கள். வியன்னாவில் 2019-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஓடுபாதை முனைக்கு முன்னால் தகடுகளை வரிசையாக நட்டுப் பார்த்தார்கள். தரையோரச் சுழல் அதில் மோதிச் சீக்கிரம் சிதைகிறது.

இரண்டாம் முறை ஏன் ஒன்றும் ஆகவில்லை? அரை மணி நேரத்தில் அந்தச் சுழல் எப்போதோ செத்திருக்கும். வரிசையில் உங்களுக்கு முன்னால் இன்னொரு ஏ320 இருந்திருக்கலாம், அல்லது வெயில் ஏறி ஓடுபாதைமீது காற்று கலங்கத் தொடங்கியிருக்கலாம். முதல் முறை ஏறியவுடனே விமானி ‘வேக் டர்புலன்ஸ்’ என்று கோபுரத்துக்குச் சொல்லியிருப்பார். அதைக் கேட்ட கட்டுப்பாட்டாளர் உங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தவரை எச்சரித்திருப்பார், அடுத்த பெரிய விமானத்துக்குப் பின்னால் ஒரு மைல் கூடுதலாகவும் விட்டிருப்பார்.